வெள்ளமும் வெளிச்சமும் வாடகையில் சேர்த்தி

தலைக்கனம் என்றால் தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் வழக்கில்லை. குடிக்கக் குளிக்க வெள்ளமும், கரண்டு வெளிச்சமும் வாடகையோடு சேர்ந்து வருகிற வீட்டை ஒருத்தி வேண்டாமென்று விட்டுப் போனால் நாகர்கோவிலில் வேறே என்ன சொல்லுவார்கள்? ஆனால் சபைப் பொறுப்பில் இருந்த வீட்டுக்காரர் டீக்கனார் ஞானதாசனுக்கும் குடியிருந்த ராகேலுக்கும் நடுவிலே என்னமோ இருந்தது, அதை டீக்கனார் பெண்சாதி செல்லபாய் கண்டுபிடித்து முடியைப் பிடித்து வெளியே தள்ளினாள் என்று ஒரு கதை நடக்கிறதே, அதைச் சொல்லுகிறவர்கள் முதலில் வாயைக் கழுவிவிட்டு வரட்டும். யாரும் யார் முடியையும் பிடிக்கவில்லை.

எதிர்வீட்டுக் குளோரிதான் இதற்கு விதை போட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு டீக்கனார் வீட்டு வேலைக்காரி ஓமனா மூன்று குடம் வெள்ளம் கொண்டுவந்து ராகேலின் வாசல் தொட்டியில் ஊற்றுவாள். குளோரி அதை இரண்டு வருஷமாய் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடியிருக்க வந்தவளுக்கு வீட்டுக்காரன் வெள்ளம் சுமந்து குடுக்கானாம். எனக்குத் தாலி கட்டினவரு ஒரு செம்பு கோரித் தந்ததில்ல, கேட்டியா. காரணம் இல்லாம நடக்குமா?"

காரணம் இருந்தது. அது மட்டும் குளோரி சரியாய்ச் சொன்னாள். என்ன காரணம் என்பது அவளுக்கும் தெரியாது, ராகேலுக்கும் அந்த இரண்டு வருஷமும் தெரியாது.

ராகேலுக்குத் திருவட்டாற்றுக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்ன ஊர். அவள் அப்பனும் அம்மையும் பிறத்தியார் வயலில் சேற்றில் நின்று வேலை செய்தவர்கள். அவர்கள் காலத்தில்தான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார்கள். மிஷன் பள்ளியில் அவளை எடுத்து நாலெழுத்தும் லேஸ் பின்னலும் படிப்பித்தார்கள். கட்டின புருஷன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்க் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வயசில் நாகர்கோவிலுக்கு வந்தவள், மிஷன் துரைசாணியம்மா நடத்தின லேஸ் சாலையிலேயே வேலை செய்து, அங்கேயே ஒரு பெரிய அறையில் பதினொரு பெண்களோடு பத்து வருஷம் படுத்து எழுந்தாள். ஒருத்தி இருமினால் பதினொரு பேரும் விழிக்கிற அறை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் தானே பூட்டித் தானே திறக்கிற கதவு ஒன்று வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இருமலுக்கும் அழுகைக்கும் சிரிப்புக்கும் சாட்சி இல்லாத ஒரு முறி. அவள் ஆசை அவ்வளவுதான்.

டீக்கனார் வீட்டின் பின்பக்கம் அப்படி ஒரு முறி சும்மா கிடந்தது. ஒரு முறி, ஒரு சின்ன அடுக்களை, சந்துக்குத் தனிக் கதவு, உள்ளே நல்ல பித்தளைத் தாழ். ராகேல் தன் ஊர்ச் சபையிலிருந்து வாங்கி வைத்திருந்த சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். அந்தக் காலத்தில் வேதக்காரர் ஊர் மாறினால் இன்ன சபையைச் சேர்ந்தவர், நல்ல நடத்தை உள்ளவர் என்று உபதேசியார் எழுதிக் கொடுக்கிற சீட்டு இல்லாமல் வேறு சபையில் இடமில்லை. டீக்கனார் கண்ணாடியைப் போட்டுச் சீட்டைப் படித்தார். மடித்தார். மறுபடியும் பிரித்துப் படித்தார்.

"வீடு தாறேன் பிள்ளே. வாடகை ஒண்ணுதான். வெள்ளம், வெளிச்சம், முற்றம் தூத்து வாருதது எல்லாம் அதுக்குள்ள சேத்தி. நீ ஒண்ணுக்கும் அந்தப் பக்கம் வரண்டாம்."

"வெள்ளத்துக்குமா ஐயா?"

"வெள்ளத்துக்கும்தான். ஓமனா கொண்டு ஊத்துவா. நீ லேஸ் பின்னுத கை, கயிறு இழுத்தா கெட்டுப்போகும்."

ராகேலுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயசில் ஆற்றிலிருந்து குடம் சுமந்து கழுத்து வலித்தவள். அவளுடைய கையைப் பற்றி அதுவரை ஒருவரும் யோசித்ததில்லை. லேஸ் சாலையில் போய்ச் சொன்னபோது கூட இருந்தவர்கள் கேலி பண்ணித் தீர்த்தார்கள்.

"வெள்ளம் வாசல்ல வந்து நிக்குமாம்லா. ஏட்டி, குளிப்பாட்டியும் விடுவாங்களான்னு கேட்டியா?"

கரண்டு வந்த புதுசு அது. டீக்கனார் வீட்டில் நாலு பல்பு. அவளுக்கும் ஒன்று தொங்கவிட்டார். சுவிட்சு மட்டும் டீக்கனார் பக்கத்துச் சுவரில். குடும்ப ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் அவர் தன் வீட்டு விளக்கையும் அவள் விளக்கையும் சேர்த்து அணைத்துவிட்டுப் படுக்கப் போவார். ராகேல் உருளைத் தலையணையை மடியில் வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றின சின்ன மரக்கட்டைகளை இடமும் வலமுமாய் மாற்றிப் போட்டுக்கொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருப்பாள். டீக்கனார் ஊரில் உள்ள நோயாளிகளுக்கெல்லாம் பெயர் சொல்லி ஜெபம் பண்ணினால் அன்றைக்கு லேஸ் இரண்டு விரல்கடை நீளும். ஊரில் எல்லோரும் சுகமாய் இருந்தால் பூவின் பாதியில் இருட்டு. ஊருக்குச் சுகம் வேண்டாம் என்று நினைத்துவிட்டோமே என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, கைத்தடவலிலே கட்டைகளை முடிந்து வைப்பாள். அதெல்லாம் அவளுக்கு ஒரு குறையாய்த் தோன்றவில்லை. தாழைப் போட்டுப் பாயில் நீட்டிப் படுக்கும்போது இந்த ராஜ்யம் முழுக்கத் தனக்குத்தான் என்று இருக்கும்.

ஓமனா களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரி, வாயாடி. குடத்தைத் தொட்டி விளிம்பில் சாய்க்க மாட்டாள். முழ உயரத்தில் பிடித்து அருவி மாதிரி விடுவாள்.

"பைய ஊத்து ஓமனா, சேலை எல்லாம் நனையுல்லா."

"நனஞ்சா காயும்."

ஓமனாவுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டு நாளும் டீக்கனார் மகள் பேபியே குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் மகள் தனக்கு வெள்ளம் சுமக்கிறாளே என்று ராகேலுக்குக் கூசிப்போயிற்று. அந்த நன்றிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், கோயில் ராப்போஜன மேசை விரிப்புக்கு நாலு மாசம் இருந்து ஓரம் பின்னி, செல்லபாய் பெயரில் கொடுக்கச் சொன்னாள். செல்லபாய் அதைச் சபை முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நல்ல மனுஷிதான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

திருவிதாங்கூர் மகாராஜா இந்துக் கோயில்களை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டதற்கு அடுத்த வருஷம், மாசி மாசம். ஓமனா தங்கச்சி பேறுகாலத்துக்கென்று ஊருக்குப் போனாள். அதே வாரம் பேபியைக் கொட்டாரம் ஊரில் இருந்த அத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அங்கே வந்து பார்ப்பதாய்ப் பேச்சு. டீக்கனாரும் கூடப் போயிருந்தார். வீட்டில் இடுப்பு வாதக்காரி செல்லபாய் மட்டும். ராகேலின் தொட்டியில் அடிமட்டத்தில் ஒரு செம்பு வெள்ளம். சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய பெரிய லேஸ் ஒன்று பின்னி முடிந்து, அலசிக் காயப்போட வேண்டியிருந்தது.

அவளுக்கு அப்போது ஓடினது ஒரே நினைப்பு. பாவம் அந்த அக்கா, இடுப்பு வலியோடு எப்படிக் கோருவாள்? குடத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த இடைக்கதவைத் தள்ளி முதல்தடவையாய் அந்த முற்றத்தில் கால் வைத்தாள். நல்ல கிணறு. கருங்கல் கட்டு, கப்பி, பனையோலைப் பட்டை, பதமான கயிறு. தனக்கு இரண்டு குடம் கோரினாள். பிறகு செல்லபாயின் அடுக்களை வாசலில் இருந்த பித்தளைக் குடங்கள், செப்புச் சருவம், குளிக்கிற பெரிய அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைத்தாள். வேர்த்து ஒழுகியது. கை கன்றிப்போயிற்று. இரண்டு வருஷத்துக் கடனில் ஒரு துளி கழிந்தது என்று நினைத்தாள்.

செல்லபாய் வெளியே வந்து பார்த்தாள். சருவத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.

"ஒனக்கு எதுக்கு ராகேலு இந்தச் சிரமம்?"

"என்னக்கா சிரமம். நாளைக்கும் நானே நெறச்சுப் போடுதேன்."

"வேண்டாம் பிள்ளே. வேண்டாம்."

சாயங்காலம் டீக்கனார் திரும்பினார். மறுநாள் விடிந்து ராகேல் லேஸைக் கொடியில் போட வந்து இடைக்கதவு வழியே பார்த்தபோது, பாத்திரங்கள் எல்லாம் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த அடையாளம். வாழை மூட்டில் குளமாய்த் தண்ணீர். கிணற்றில் இரண்டு கூலிக்காரர்கள் இறங்கி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"கறுத்த பூனை ஒண்ணு விழுந்துட்டு பிள்ளே."

ராகேல் பதறிப்போய் தன் தொட்டியையும் கவிழ்த்துக் கழுவினாள். லேஸை எடுத்து, தெருக்கோடியில் இருந்த வேறு வீட்டில் வெள்ளம் வாங்கி, இன்னொரு தடவை அலசினாள். பூனைத் தண்ணீரில் அலசினதைத் துரைசாணியம்மாவுக்குக் கொடுப்பதா?

"பாவம், கறுத்த பூனையாம்," என்று குளோரியிடம் சொன்னாள்.

"கறுப்பா? டீக்கனாரு எங்க வீட்டுக்காரருகிட்ட வெள்ளப் பூனைன்னுல்லா சொன்னாரு."

"அப்போ ரெண்டு விழுந்திருக்கும் போல மைனி," என்றாள் ராகேல். அவ்வளவு வெள்ளை மனசு.

ஐந்தாம் நாள் ஓமனா வந்தாள். தங்கச்சிக்குப் பெண் குழந்தை, நல்ல நிறம் என்று சொல்லிக்கொண்டே முழ உயரத்திலிருந்து ஊற்றினாள். ராகேல் பூனைக் கதையைச் சொன்னாள். ஓமனா குடத்தை நிறுத்தினாள்.

"பூனையா? நீ கோருனியா கெணத்துல?"

"ஆமா. அவங்களுக்கும் நெறச்சு வச்சேன்."

"எனக்க தெய்வமே. ஒனக்குத் தெரியும்னுல்லா நான் நெனச்சிருந்தது. நீ கயிறத் தொடப்பிடாதுன்னுதானே என்னயக் கொண்டு ஊத்தச் சொல்லுதது. கொடம் ஒனக்க தொட்டியில படவும் பிடாது. பட்டா அதையும் புளி போட்டுத் தேய்க்கணும்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீங்க இன்ன சாதின்னு ஒனக்குத் தெரியாதா?" ஓமனா இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இருப்பதாய் நினைக்கவில்லை. மூன்றாவது குடத்தையும் ஊற்றிவிட்டுப் போனாள்.

ராகேல் வாசலில் நின்றாள். டீக்கனார் சீட்டை இரண்டு தடவை படித்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. சபைச் சீட்டில் சாதி எழுத மாட்டார்கள். ஊர்ப்பெயர் எழுதுவார்கள். ஊர்ப்பெயர் போதும்.

ஆத்திரம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இரண்டு வருஷம் நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்கிற வெட்கம்.

அடுத்து வந்த மாச முதல் ஞாயிறு ராப்போஜனம். பெண்கள் பக்கம் பாயில் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். திராட்சரசப் பாத்திரம் ஒன்றுதான், ஒருத்தி குடித்து அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். ராகேல் வேண்டுமென்றே போய் செல்லபாய்க்கு முந்தின இடத்தில் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும் குடித்தாள். பாத்திரத்தைத் துடைக்காமல் நீட்டினாள். செல்லபாய் கண்ணை மூடி வாங்கி, அதே விளிம்பில் வாய் வைத்துக் குடித்தாள். ஒரு தயக்கம் இல்லை, முகம் சுளிக்கவில்லை. உண்மையான பக்தியோடு குடித்தாள்.

அதுதான் ராகேலை உலுக்கியது. செல்லபாய் முகம் சுளித்திருந்தால் இவள் மனசுக்கு எளிதாய் இருந்திருக்கும். கோயிலில் தொண்டைக்குள் இறங்குகிறது, வீட்டில் கயிற்றில் பட்டால் கிணற்றையே இறைக்க வேண்டியிருக்கிறது. தொட்டால் ஆகாது என்பதில்லை, வீட்டில் வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று வைத்ததை வேண்டும் என்று வைக்கவும் முடியும் அல்லவா?

சாயங்காலம் போய்க் கேட்டாள். டீக்கனார் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"ஐயா, நாளைலேருந்து வாடகையில வெள்ளத்தைச் சேக்க வேண்டாம். நானே வந்து கோரிக்கிடுதேன்."

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நல்ல மனுஷர், விளங்காத மாதிரி நடிக்கத் தெரியவில்லை.

"ஓமனா சொன்னாளா?"

"ஆமா."

"பிள்ளே, அன்னைக்குச் சீட்டுல ஊர்ப்பேரைப் பாத்தப்பவே வீடு இல்லன்னு நான் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? கோயில் திறந்த அன்னைக்கு சபையில எழும்பி ஸ்தோத்திர ஜெபம் பண்ணினவன் நான். இந்த வீட்டுல எனக்க அம்மை காலத்துலேருந்து ஒரு முறை இருக்கு. அதையும் உடைக்காம, ஒன்னையும் அனுப்பாம, வேற வழி என்னன்னு யோசிச்சுத்தான் வெள்ளத்தைச் சேத்தது. ஒனக்கு ஒரு கொறை வச்சேனா?"

"வைக்கல்ல ஐயா. நல்லதுதான் நெனச்சிருக்கீங்க. அதான் எனக்குக் கோவம் வரமாட்டேங்குது. வந்தா சவுகரியமா இருக்கும்."

அவர் கொஞ்சநேரம் விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிச்சம் பத்து மணி வர எரியட்டும். இல்லன்னா ஒண்ணு செய்வோம். சுவிச்சையே ஒன் பக்கத்துச் சுவத்துக்கு மாத்தித் தந்திருதேன். எப்ப வேணும்னாலும் போடு, எப்ப வேணும்னாலும் அணை."

அந்த நிமிஷம் ராகேல் ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். தன் சுவர், தன் சுவிட்சு, தன் தாழ். பூ முடிகிற வரைக்கும் வெளிச்சம். விட்டுப் போனால் மறுபடியும் பதினொரு இருமல். கதவுக்குப் பின்னால் செல்லபாய் மூச்சுவிடுவது கேட்டது.

"சுவிச்சு வேண்டாம் ஐயா. கயிறு போதும்."

"அது மட்டும் கேக்காத பிள்ளே. பேபிக்குக் கல்யாண ஆலோசனை நடக்கு. கொட்டாரத்துக்காரங்க வந்து போற நேரம். கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்ச பொறவு?"

டீக்கனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"சரி ஐயா. நான் வேற வீடு பாத்துக்கிடுதேன். பேபி காரியம் நல்லபடியா முடியட்டும். என் வாயால ஒருத்தருகிட்டயும் ஒண்ணும் போகாது."

அப்படியே இருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை, அதனால்தான் தெருவில் இத்தனை வாய் திறந்தது. பேபிக்குக் கல்யாணம் ஆகி மூன்று பிள்ளையும் ஆகிவிட்டது. இனி இதைச் சொல்வதால் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

ஒன்பது நாள் வீடு தேடினாள். ஓர் இடத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னாள், வீட்டில் கேட்டுச் சொல்லுகிறோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் வெள்ளம் நாங்களே தந்துவிடுவோம் என்று ஆரம்பித்தார்கள்; மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. கடைசியில் கோட்டாற்றுக்குத் தெற்கே, வயல் தொடங்குகிற இடத்தில், பொன்னுலிங்கம் என்கிற வண்டிக்காரர் ஒரு வீடு காட்டினார். மண் சுவர், ஓலைக் கூரை, கரண்டு கிடையாது. கதவு சரியாய்ச் சாத்தாது.

"வெள்ளம்?" என்று கேட்டாள்.

"அது வாடகையில சேத்தி இல்லம்மா. வேலிக்கு அந்தப் பக்கம் கெணறு. கயிறு அவங்கவங்க கொண்டு வரணும்."

"அதுல ஆரெல்லாம் கோருவா?"

"தாகம் உள்ளவங்க எல்லாம் கோருவாங்க. படி வழுக்கும், பாத்து."

அவள் போய்ப் பார்த்தாள். ஏழெட்டுப் பெண்கள். எந்த ஊர், என்ன ஆள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருத்தியிடம் கயிறு இரவல் வாங்கி ஒரு பட்டை கோரி முகம் கழுவினாள். இன்னொரு பட்டை கோரிக் குடித்தாள். குடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள் போல. பின்னால் நின்றவள் கத்தினாள்:

"ஏட்டி, குடிச்சாச்சுல்லா, மாறு. கெணத்த என்ன மாப்பிள்ள பாக்கதுமாதிரி பாத்துக்கிட்டு நிக்க? இஞ்ச வரிசை நிக்கது தெரியலியா?"

ராகேலுக்கு அந்த வசவு இனித்தது. வீடு எடுத்துக்கொள்ளுகிறேன் என்று பொன்னுலிங்கத்திடம் சொல்லிவிட்டு, வடசேரிச் சந்தைக்குப் போய் ஒரு கயிறு வாங்கினாள். லேஸ் சாலைக்காரிகள் கையைப் பற்றி எச்சரித்தார்கள். கன்றும், காய்க்கும், பிறகு பழகிவிடும் என்றாள்.

அவள் வீடு மாறிப் போன நாள் செவ்வாய்க்கிழமை. ஓமனா காலையில் வந்து ஊற்றப் போனாள். இன்றைக்கு வேண்டாம் என்று ராகேல் சொன்னாள். ஓமனா குடத்தோடு நின்று, பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியைப் பொன்னுலிங்கத்தின் வண்டியில் ஏற்றக் கை கொடுத்தாள். ராகேல் முறியைத் தூத்து வாரினாள். தலை சீவி, வெளுத்த சேலை உடுத்து, உருளைத் தலையணையைத் துணியில் பொதிந்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். புதுக் கயிறு தோளில்.

செல்லபாய் இடைக்கதவு அருகே வந்து நின்றாள். டீக்கனார் வரவில்லை.

"நான் ஒரு வார்த்தை ஒன்னைச் சொல்லல்லியே ராகேலு. சொன்னேனா?"

"சொல்லல்லக்கா."

"வேற எங்க போனாலும் இப்படி ஒரு சவுகரியம் கிடைக்குமா ஒனக்கு?"

"கிடைக்காதுக்கா," என்றாள் ராகேல். சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். செல்லபாய் அந்தக் கையை விடாமல் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விட்டாள்.

சந்தில் குளோரி ஜன்னலில் இருந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எங்கட்டி, சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு?"

"வீடு மாறுதேன் மைனி."

"அங்கயும் வெள்ளம், வெளிச்சம் எல்லாம் சேத்தியா?"

"இல்ல மைனி. வாடகை மட்டும்தான்."

ராகேல் சந்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.